புதுக்குதலின் பெயரால்

நூலொன்றின் திருத்திய இரண்டாம் பதிப்பு வெளிவரும் நாளிலே முதற் பதிப்பின் பிரதிகள் யாவும் நூலகத் தட்டுக்களிலிருந்தும் வாசகரின் அலமாரிகளிலிருந்தும் ஒருங்கே மறைந்துவிடுமாயின், அதனை நற்பதிப்பு முயற்சியென எவரும் பாராட்டமாட்டார். திருத்தம் எத்துணைச் சிறந்ததாயினும், முந்தியது எவ்வாறிருந்தது என ஒப்புநோக்கும் வாய்ப்பே ஒழிந்தபின் அதனைத் திருத்தமென அழைப்பதற்கும் ஆதாரம் இல்லாது போகும். அச்சு நூலுக்கு இந்நிலை நேர்ந்ததில்லை. ஆனால் இன்று உலகெங்கணும் பல இலட்சம் பேர் ஈடுபடும் இணைய வகிபாக விளையாட்டுக்களில் இதுவே வழமையாகவுள்ளது. பழைய உள்ளடக்கத்தை மீள்நோக்கிப் புதியதை அதனிடத்தில் வைத்தல் என்னும் மங்கலச் சொற்களால் இவ்வழமை போர்த்தப்படுகின்றது.

இவ்விளையாட்டுக்களின் இயல்பு ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஆடுவோர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு பாத்திரத்தைப் படைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான பிறரும் உலாவுகின்ற கற்பனையுலகொன்றினுள் நுழைகின்றனர். அங்கு ஊர்களும் காடுகளும் நிலவறைகளும் உண்டு. அங்குள்ள மாந்தர் பணிகளை ஏவுவர். பணிகளை முடிக்குந்தோறும் பாத்திரம் படிநிலையில் உயரும். இவ்வுலகம் ஆடுவோரின் வீட்டுக் கணினியில் இருப்பதில்லை. நிறுவனத்தின் வழங்கிக் கணினிகளிலேயே அது இயங்குகின்றது. பணங் கொடுத்தவர் பெறுவது உலகத்தையன்று, அதனுட் புகும் அனுமதியை மட்டுமே. எனவே நிறுவனம் தன் பக்கத்தில் ஒன்றை மாற்றியதும் அம்மாற்றம் எல்லோருக்கும் ஒரே கணத்தில் நிகழ்ந்து முடிகின்றது. விரும்பாதவர் பழைய பிரதியை வைத்துக்கொள்ள வழியில்லை.

மாற்றமே வேண்டாம் என்போர்க்கு இங்கு வக்காலத்து வாங்கப்படவில்லை. இருபது ஆண்டுகள் ஓயாது இயங்கும் ஒரு படைப்புக்கு மூப்பு உண்டு. விரிவுத் தொகுதி ஒன்று வெளிவருந்தோறும் புதிய நிலங்களும் உயர்ந்த படிநிலைகளும் வலிய படைக்கலங்களும் சேர்கின்றன. பழைய நிலங்கள் ஆளரவமற்றுப் போகின்றன. வேர்ல்ட் ஒவ் வோர்கிராஃப்ட் என்னும் விளையாட்டில் ஒருகாலத்தில் நாற்பது பேர் அணிவகுத்து, வாரக்கணக்கிற் பயின்று வென்ற எரிமலைக் குகையொன்றை இன்று ஒருவர் தனியே சில நிமிடங்களில் வென்று வெளியேறுகின்றார். புதிதாய்ச் சேருபவரோ நண்பர்கள் நிற்கும் எல்லையை அடையுமுன் வெறிச்சோடிய ஊர்களினூடே தனியே நடக்கவேண்டியிருக்கின்றது. விளையாட்டின் அடிப்படை விதியொன்று மாறினால் நூற்றுக்கணக்கான பழைய பகுதிகள் பழுதின்றி இயங்குகின்றனவா என மீளச் சோதிக்கவேண்டியும் நேர்கின்றது. இவை மெய்யான இடர்ப்பாடுகள். பழமை விரும்பிகள் சிலர் இவற்றைக் காண மறுக்கின்றனர். தமது இளமைக்காலத்து இரவுகளை நிறுவனம் மீட்டுத்தரவேண்டும் என்பதே அன்னாரது கோரிக்கையின் உட்கிடை. அதனை எந்த நிறுவனத்தாலும் வழங்கவியலாது.

ஆயின், திருத்தவேண்டும் என்பதிலிருந்து அழிக்கவேண்டும் என்பது பெறப்படாது. இவ்விரண்டையும் ஒன்றெனக் காட்டுவதிலேயே நிறுவனத் தரப்பின் வாதம் முழுவதும் தங்கியுள்ளது.

இதற்குத் தலையாய எடுத்துக்காட்டு மேற்குறித்த வேர்ல்ட் ஒவ் வோர்கிராஃப்டே. அமெரிக்காவின் பிளிஸாட் நிறுவனம் 2004ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் அதனை வெளியிட்டது. சரியாக ஆறு ஆண்டுகள் நிறைவுற்ற 2010 நவம்பர் 23இல் அவ்வுலகின் இரு பழைய கண்டங்களும் உடைக்கப்பட்டன. டிசம்பர் 7இல் வெளிவரவிருந்த ‘கட்டகிளிசம்’ என்னும் மூன்றாவது விரிவுத் தொகுதிக்கு அது முன்னேற்பாடு. பெருநாகமொன்று நிலத்தைப் பிளந்து வெளிவந்தது எனக் கதை வகுக்கப்பட்டது. வரண்ட பள்ளத்தாக்கொன்று கடலாயிற்று. கரையோரப் பட்டினமொன்று பாழாயிற்று. ‘பரன்ஸ்’ எனப்பட்ட நெடுவெளி நெருப்புப் பிளவொன்றினால் இரு கூறாகியது. பழைய பணிகளிற் பெரும்பாலானவை நீக்கப்பட்டுப் புதியவை எழுதப்பட்டன. விரிவுத் தொகுதியை வாங்காதவரும் இவ்வழிவிலிருந்து தப்பவில்லை என்பது கவனிக்கற்பாலது. அவர்கள் கேளாததும் விலைகொடுத்துப் பெறாததுமான ஒன்று, அவர்கள் ஏற்கெனவே விலைகொடுத்திருந்ததன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

நீக்கப்பட்டவற்றுள் ஒன்றை மட்டும் சற்று விரிவாக நோக்கலாம். பரன்ஸ் வெளியில் மன்கிறிக் என்றொரு வீரன் நின்றான். போரிலே பிரிந்த தன் மனைவிக்கு என்ன நேர்ந்தது எனக் கண்டறிந்து வருமாறு வருவோரை அவன் இரந்தான். அவள் எங்கே என்பதற்குத் திட்டமான குறிப்பு எதுவும் பணியில் இல்லை. போகவேண்டிய இடத்தைப் படத்திற் குறித்துக் காட்டும் வசதி அக்காலத்து விளையாட்டில் இருக்கவில்லை. ஆகவே ஆடியவர்கள் ஒருவரையொருவர் கேட்டனர். பொதுவான உரையாடற் பகுதியில் அவ்வினா நாள்தோறும் ஓயாது எழுந்தது. அறிந்தவர் சிலர் வழிகாட்டினர், சிலர் வேண்டுமென்றே வழிதப்பவைத்தனர், பலர் எள்ளி நகைத்தனர். காலப்போக்கில் அவ்வினாவே ஆடுவோரிடையே வழங்கும் ஒரு பரிபாஷையாயிற்று. வடிவமைப்பு நோக்கில் அது குறையுள்ள பணி என்பதில் ஐயமில்லை. திறமையான செம்மையாக்குநர் எவரும் முதலில் வெட்டியெறிவது அதனைத்தான். அவ்வாறே வெட்டினர். இன்று மன்கிறிக் வேறோரிடத்தில் வேறு பணிகளோடு நிற்கின்றான். வழி கேட்கும் தேவை எவருக்கும் இல்லை. எவரும் எவரோடும் பேசுவதுமில்லை. இங்கு இழக்கப்பட்டது நிறுவனம் எழுதிய பனுவலன்று. அப்பனுவலின் குறையைப் பற்றுக்கோடாகக்கொண்டு ஆடுவோர் தாமே உண்டாக்கிக்கொண்ட சமூக வழக்கமொன்றே இழக்கப்பட்டது. அதன் ஆக்கியோர் அவர்கள். அழித்தவர் அதனை ஆக்காதவர்.

புதுக்கியதனால் விளைந்த பயன்தான் யாது? ஒன்று முதல் அறுபது வரையான படிநிலைகளின் கதை 2010ஆம் ஆண்டுக்குரியதாக மாற்றப்பட்டது. ஆனால் அதன்மேல் ஆடுவோர் செல்லவேண்டிய நிலங்கள் 2007இலும் 2008இலும் எழுதப்பட்டவாறே விடப்பட்டன. இதனால் நேர்ந்த விபரீதம் நகைப்புக்குரியது. புதிய கதையில் கறொஷ் என்பவன் ஒரு பேரணியின் தலைவனாகத் தலைநகரில் அரியணை வீற்றிருக்கின்றான். அவனது ஆணையை நிறைவேற்றிப் படிநிலை உயர்ந்து அடுத்த நிலத்துக்குச் சென்றால், அங்கே அதே கறொஷ் தந்தையின் பழியை நினைந்து சோர்ந்து கிடக்கும் ஓர் இளைஞன்! தலைவனாக வருபவனோ முன்பிருந்த திறால். கதைத் தொடர்ச்சியைச் செம்மையாக்கவே பழையது களையப்பட்டது என்ற விளக்கத்துக்கு இதனைவிட வலிய மறுப்பு வேண்டியதில்லை. அன்று புதிதாக எழுதப்பட்டதும் விரைவில் மூத்தது. 2020 ஒக்டோபர் முதல் புதிதாகச் சேருவோர் வேறொரு தனித்தீவிலே தொடங்கி வேறு கண்டங்களுக்கு அனுப்பப்படுகின்றனர். பெருமுயற்சியோடு மீளக்கட்டப்பட்ட 2010ஆம் ஆண்டு உலகம், தான் அழித்த உலகத்தைப் போலவே ஆளற்றுக் கிடக்கின்றது.

சந்தாதாரர் தொகையையும் ஒருமுறை நோக்கலாம். 2010 ஒக்டோபரில் 1 கோடி 20 இலட்சத்தைத் தாண்டிவிட்டதாக அறிவித்த நிறுவனம், 2011 நவம்பரில் 1 கோடி 3 இலட்சம் என அறிவிக்கவேண்டியதாயிற்று. இவ்வீழ்ச்சிக்குப் பழைய உலகின் அழிவே முழுக் காரணம் எனல் பொருந்தாது. உயர்படிநிலைப் போர்களின் கடினம், போட்டி விளையாட்டுக்களின் வருகை முதலியனவும் உள. ஆயினும் புதுக்குதல் மக்களைக் கொண்டுவந்து சேர்க்கும் என்ற வாக்குறுதி நிறைவேறவில்லை என்றாவது ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பழைய உலகை மீளத் திறக்குமாறு ஆடுவோர் கேட்டபோது கிடைத்த மறுமொழி இன்றும் நினைவுகூரப்படுகின்றது. 2013இல் நிறுவனத்தின் பெருவிழா மேடையில் எழுந்த வினாவுக்கு, அதனை விரும்புவதாகக் கேட்பவர் எண்ணிக்கொள்கின்றாரேயன்றி உண்மையில் விரும்பவில்லை எனப் பொறுப்புவாய்ந்த ஒருவர் பதிலிறுத்தார். ஆடுவோரின் விருப்பத்தை ஆடுவோரிலும் நன்கறிந்தவர் விற்போர் என்னும் இக்கொள்கை வணிக உலகிற்குப் புதியதன்று. அதன் பொய்ம்மையை மெய்ப்பித்தவர்கள் சட்டத்துக்குப் புறம்பாக இயங்கிய தன்னார்வலர்கள் என்பதுதான் வேடிக்கை. 2015 பெப்ரவரியில் நொஸ்டல்ரியஸ் என்னும் வழங்கி 2006ஆம் ஆண்டுப் பதிப்பை மீளத் திறந்தது. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அங்கு ஆடிவந்ததாக அதனை நடத்தியோர் கூறினர். நிறுவனத்தின் சட்டத்தரணிகளது கடிதத்தையடுத்து 2016 ஏப்ரிலில் அது மூடப்பட்டபோது, எதிர்த்தெழுந்த விண்ணப்பத்தில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். ஈற்றில் 2019 ஓகஸ்டில் நிறுவனமே பழைய உலகைத் தன் சொந்த வழங்கிகளில் திறந்தது. உள்நுழையப் பல மணிநேரம் காத்துநிற்கும் வரிசைகள் உண்டாயின. உண்மையில் விரும்பாதவர்கள் அத்தனை பேர் அவ்வளவு நேரம் காத்துநின்றமைக்கு மேடையிற் பேசியவர்தாம் விளக்கங் கூறவேண்டும்.

பிரித்தானியாவின் கேம்பிரிட்ஜ் நகரைச் சேர்ந்த ஜகெக்ஸ் நிறுவனம் இதே பாடத்தை முன்னதாகவே கற்றுக்கொண்டது. 2001இல் தொடங்கிய ரூன்ஸ்கேப் என்னும் அதன் விளையாட்டின் போர்முறை 2012 நவம்பரில் அடியோடு மாற்றப்பட்டது. பலர் வெளியேறினர். 2013 பெப்ரவரியில் நிறுவனம் வாக்கெடுப்பொன்றை நடத்தி, 2007 ஓகஸ்ட் மாதத்துப் பதிப்பைத் தனியே திறந்தது. காப்புப் பிரதியொன்று எஞ்சியிருந்தமையாலேயே இது இயன்றது. அப்பிரதியும் இல்லாதிருந்தால் எத்தனை இலட்சம் வாக்குகளும் பயன்பட்டிரா.

இதிற் கூர்ந்து நோக்கவேண்டியது அதன்பின் நடந்ததே. அப்பழைய பதிப்பு கண்ணாடிப் பெட்டியுள் வைத்த பிணமாக இருக்கவில்லை. புதிய நிலங்களும் பணிகளும் அதிலும் சேர்க்கப்பட்டன. ஆயின் எதனைச் சேர்ப்பதாயினும் ஆடுவோரின் வாக்கைப் பெறவேண்டும் என்ற ஏற்பாடு கைக்கொள்ளப்பட்டது. நூற்றுக்கு எழுபத்தைந்து வாக்குகள் வேண்டும் என்பது முதலில் இருந்த விதி; 2022இல் அது எழுபதாகக் குறைக்கப்பட்டது. வாக்கெடுப்பில் தோற்ற முன்மொழிவுகள் பல. இன்று மூல விளையாட்டைவிட இப்பழைய பதிப்பிலேயே கூடுதலானோர் ஆடுகின்றனர். புதுமையை வெறுப்பவர்கள் எனத் தூற்றப்பட்ட அதே மக்கள், கேட்டுச் செய்த புதுமைக்குப் பெரும்பான்மை வாக்கை மீண்டும் மீண்டும் அளித்திருக்கின்றனர். அவர்கள் எதிர்த்தது புதுமையையன்று, தம்மைக் கேளாமற் செய்யப்பட்டதையே என்பது இதனாற் போதரும். பெரும்பான்மையின் சுவை எஞ்ஞான்றும் நற்சுவையாகாது என்னும் ஆட்சேபம் எழலாம். அது உண்மையே. எனினும் நிறுவனத்தின் சுவை நற்சுவை என்பதற்கும் எச்சான்றும் இல்லை.

ஜப்பானிய நிறுவனமான ஸ்குவயர் எனிக்ஸின் பைனல் பன்டஸி 14 வேறுவகையானது. 2010 செப்டெம்பர் 30இல் வெளிவந்த அதன் முதல் வடிவம் பெருந்தோல்வியுற்றது. நிறுவனம் பகிரங்கமாக மன்னிப்புக் கோரி, நவோகி யொஷிடா என்பாரிடம் பொறுப்பை ஒப்படைத்தது. பழைய விளையாட்டை நடத்திக்கொண்டே புதியது கட்டப்பட்டது. 2012 நவம்பர் 11இல் சந்திரனொன்று விழுந்து உலகை அழிப்பதாகிய காட்சியோடு பழைய வழங்கிகள் நிறுத்தப்பட்டன. 2013 ஓகஸ்டில் புதுவடிவம் வந்து பெருவெற்றி பெற்றது. அதன் தொடக்கக் கதை நீண்டு சலிப்பூட்டுகின்றது என்ற முறைப்பாட்டைக் கேட்டு, 2020 ஓகஸ்டில் அதன் பணிகள் சில நீக்கப்பட்டும் சில சுருக்கப்பட்டும் செம்மையாயின. கதை சிதையவில்லை, முன்னவற்றோடு பின்னவை முரணவுமில்லை. இயன்றவரை நேர்மையான புதுக்கல் எவ்வாறு செய்யப்படும் என்பதற்கு இதனைச் சுட்டலாம். ஆயினும் 2010ஆம் ஆண்டு வடிவத்தை இன்று நிறுவனத்தின் வழங்கிகளில் ஆடவியலாது. தோல்வியுற்றதைக் காப்பதேன் என வினவுவோர், தோல்வி எவ்வாறு வெற்றியாயிற்று என்பதை மாணவரொருவர் எதனைக்கொண்டு ஆராய்வார் என்பதற்கும் விடை கூறுதல் வேண்டும்.

திருத்தமும் மூலமும் ஒருங்கிருத்தல் இயலாத காரியமன்று என்பதை இந்நாட்டுத் தமிழர்க்கு விளக்கவேண்டியதில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்பின் விடியவிடிய ஆடும் கூத்தைச் சில மணிநேர மேடை நிகழ்வாகச் சுருக்கி ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றைப் பேராதனையில் மேடையேற்றினார். அச்சுருக்கம் சரியா தவறா என்ற விவாதம் நீண்டது. ஆனால் அவ்விவாதம் நிகழ முடிந்தமைக்குக் காரணமே, ஊரிலே அண்ணாவியாரின் வட்டக்களரி அப்படியே இருந்தமைதான். மேடையேறியது என்பதற்காகக் களரியை எவரும் உழுதுவிடவில்லை.

எல்லாவற்றிலும் கொடிது டெஸ்டினி 2 என்னும் விளையாட்டின் வரலாறு. 2017இல் விலைக்கு விற்கப்பட்ட அதன் முதன்மைக் கதையையும், பின்னர் தனித்தனியே விற்கப்பட்ட இரு தொகுதிகளின் கதைகளையும், செவ்வாய், புதன் முதலிய கோள்நிலங்களையும் பங்கி நிறுவனம் 2020 நவம்பர் 10இல் விளையாட்டிலிருந்து அகற்றியது. 2022 பெப்ரவரியில் மற்றொரு தொகுதியின் கதையும் அவ்வழியே சென்றது. விளையாட்டின் பருமன் கட்டுமீறி வளர்ந்தமையும், பழைய பகுதிகள் யாவற்றையும் சோதித்துத் திருத்துவதிலுள்ள சிரமமுமே நிறுவனம் கூறிய காரணங்கள். காப்பறையில் வைக்கப்படுகின்றன என்பதே பயன்படுத்திய சொல். பொருள்களைப் பேணிவைக்குமிடமே காப்பறை எனப்படும். அங்கு என்ன இருந்தது என்பது விரைவில் நீதிமன்றிலே வெளிப்பட்டது.

அகற்றப்பட்ட கதை தனது படைப்பிலிருந்து களவாடப்பட்டது என எழுத்தாளரொருவர் 2024இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கூட்டாட்சி நீதிமன்றில் வழக்கிட்டார். வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்விக்க விரும்பிய நிறுவனம், அக்கதை எத்தகையது என நீதிபதிக்குக் காட்டவேண்டியதாயிற்று. காட்டுவதற்கு அதன் கையில் விளையாட்டு இல்லை. பழைய வடிவம் இன்றைய தொழினுட்பத் தளத்தில் இயங்காது எனக் கூறிய நிறுவனம், ஆடியவர்கள் தாமாகப் பதிவுசெய்து யூடியூபில் இட்டிருந்த காட்சிகளையும் ஆர்வலர்கள் தொகுத்த குறிப்புப் பக்கங்களையும் தன் படைப்பின் சான்றாகச் சமர்ப்பித்தது. பிறர் தயாரித்த அவற்றை ஏற்க மறுத்த நீதிபதி, 2025 மே மாதம் தள்ளுபடிக் கோரிக்கையை நிராகரித்தார். தன் படைப்பு யாதெனத் தானே காட்டவியலாத ஆக்கியோனை இலக்கிய வரலாறு கண்டதுண்டு. காலமும் கறையானும் அதற்குக் காரணமாயிருந்தன. மூன்றாண்டுகளுக்கு முன் விற்ற பொருளைத் தானே எடுத்தெறிந்துவிட்டு, அதை வாங்கியவர்களின் வீட்டுப் பதிவுகளிடம் கையேந்தி நின்ற ஆக்கியோனைக் காண்பது புதிது.

பழைய பதிப்பொன்றைத் தனியே இயக்குவதற்குச் செலவு உண்டு, ஆடுவோர் இரு கூறாகப் பிரிவர் என்பன நிறுவனத் தரப்பில் எஞ்சிநிற்கும் வாதங்கள். பிரிவு நேருமாயின், அது புதியதை நாடாதவர் எத்தனை பேர் என்பதைக் காட்டும் கணக்கேயன்றி வேறன்று. செலவைப் பொறுத்தவரை, பிளிஸாட் நிறுவனம் 2024 மே மாதம் அதே கட்டகிளிசத்தையும் ‘பழைய’ விளையாட்டாக மீளத் திறந்து சந்தா பெற்றது. அதேவேளை அழியாத 2006ஆம் ஆண்டு உலகத்துக்கும் தனி வழங்கிகளை நடத்தியது. 2010இல் இயலாது எனப்பட்டது 2024இல் வருவாயாகியது. இலாபம் தரும்போது இயலும், தராதபோது இயலாது என்பதற்கு மேலாகத் தொழினுட்பக் காரணமெதுவும் இதில் இல்லை.

நடத்த மனமில்லாத நிறுவனம் நடத்தவேண்டியதில்லை. வழங்கி மென்பொருளை நூலகங்களிடம் ஒப்படைத்தாற் போதும். 2018இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகர் வெளியிட்ட விதிவிலக்கின்படி, கைவிடப்பட்ட இணைய விளையாட்டொன்றை நூலகமோ அருங்காட்சியகமோ தன் கட்டடத்துள் இயக்கிக் காட்டலாம். ஆனால் வழங்கி மென்பொருள் முறைப்படி கைக்கு வந்திருத்தல் வேண்டும். காத்துவைத்த விளையாட்டுக்களை ஆய்வாளர் தொலைவிலிருந்து அணுக இடமளிக்குமாறு நூலகங்கள் கோரியபோது, விளையாட்டு நிறுவனங்களின் சங்கம் எதிர்த்துநின்றது. 2024 ஒக்டோபரில் அக்கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. மென்பொருளை ஒப்படைக்கும்படி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் விதியெதுவும் அந்நாட்டில் இதுவரை இயற்றப்படவில்லை.